முதுகில் ஏறிய குளிர்: மன்னவனூரில் ஒரு ஹேமக் நிகழ்வு ஆய்வு

ஹேமக்கில், அதாவது இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் துணித்தூளியில், படுத்துக் குளிரில் விறைத்தவர்கள் மறுநாள் காலையில் பெரும்பாலும் ஒரே பொருளைத்தான் திட்டுவார்கள்: உள்ளே நுழைந்து தூங்கும் போர்வைப் பையான ஸ்லீப்பிங் பேக். "0 டிகிரின்னு போட்டிருந்தான், 7 டிகிரிக்கே தாங்கல" என்பார்கள். அடுத்த முறைக்கு இன்னும் தடிமனான, இன்னும் விலை கூடிய பேக் வாங்குவார்கள். அதிலும் முதுகு விறைக்கும். ஒரு ஜனவரியில் மன்னவனூரில் என் நண்பருக்கு நடந்ததும் இதேதான். ஆனால் அவர் புதுப் பேக் வாங்கக் கிளம்பும் முன்னால், பழையதைச் சோதித்துப் பார்க்க எங்களுக்கு இன்னொரு இரவு கையில் இருந்தது. அதனால்தான் இதை ஒரு நிகழ்வு ஆய்வாக எழுத முடிகிறது.

இடமும் சாமானும்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர் போனால் மன்னவனூர். உயரம் ஏறத்தாழ 2,000 மீட்டர். கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் விளைகிற படிக்கட்டு வயல்கள், ஓர் ஏரி, அதைச் சுற்றிப் புல்வெளி, பக்கத்திலேயே மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம். சுற்றுலா வருபவர்கள் பகலில் ஆட்டுக்குட்டிகளோடு படம் எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். அந்த ஊரின் ராத்திரி எப்படியிருக்கும் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது.

நாங்கள் தங்கியது நண்பரின் சொந்தக்காரர் தோட்டத்தில். வீடு ஐம்பதடி தூரத்தில் இருந்தது. இதைச் சொல்லிவிடுவது நல்லது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் ஹேமக் கட்டுவது சட்டப்படி தப்பு. அதுபோக, அந்தப் பக்கம் காட்டு மாடுகள் ராத்திரியில் வயலுக்குள் சாதாரணமாக நடமாடும். இருட்டில் குறுக்கே கட்டியிருக்கும் கயிறு அவற்றுக்குத் தெரியாது. முதல்முறையாகக் குளிரில் ஹேமக் போடுகிறவருக்கு, முடியாவிட்டால் எழுந்து ஓடிப்போய்ப் படுக்க ஒரு கூரை பக்கத்தில் இருக்க வேண்டும். நண்பருக்கு அது இருந்தது, தேவையும் பட்டது.

அவர் மதுரைக்காரர், முப்பதுகளில் இருப்பவர். வெயிலூர்களில் நிறைய ஹேமக் போட்டவர். கடற்கரைத் தென்னந்தோப்பில் ஒற்றை நைலான் ஹேமக்கில் சட்டையில்லாமல் படுத்துச் சுகமாகத் தூங்கிப் பழகியவர். அதே ஹேமக்கைத்தான் மன்னவனூருக்கும் எடுத்து வந்தார். பாராசூட் துணி என்று சொல்லி விற்கிற மெல்லிய, ஒரே அடுக்கு நைலான். கூடவே 0 டிகிரி என்று அச்சிட்ட பாலியெஸ்டர் ஸ்லீப்பிங் பேக், உள்ளே போட தெர்மல், மேலே ஃப்ளீஸ் ஜாக்கெட், குரங்குக் குல்லா, இரண்டு ஜோடி சாக்ஸ். மேலே கட்ட ஒரு தார்ப்பாய். எனக்கு டென்ட், இரண்டு சென்டிமீட்டர் ஃபோம் மேட், அவருடையதைவிடக் கொஞ்சம் கனமான பேக்.

கட்டிய இடம் தோட்டத்தின் கீழ்விளிம்பு. இரண்டு பைன் மரங்கள் சரியான இடைவெளியில் இருந்தன, எதிரே ஏரி தெரிந்தது. படம் எடுக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. படுக்க அதைவிட மோசமான இடமும் அந்தத் தோட்டத்தில் இல்லை. மலையில் இரவானதும் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் மெல்ல வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். கொடைக்கானலில் ஏரியோரத்துத் தாழ்வான புல்தரைகளில் முதலில் உறைபனி பிடிப்பது இதனால்தான். வழியும் அந்தக் காற்று முழுக்க ஹேமக்கின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டுதான் கீழே போகும்.

முதல் இரவு

சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குப் படுத்தவர் பத்தரை வரை நன்றாகவே இருந்தார். "என்ன சுகம்யா, இதுக்கா பயப்படுறீங்க" என்று டென்ட்டைப் பார்த்துச் சொன்னது எனக்குக் கேட்டது. சூடாகச் சாப்பிட்ட உடம்பு ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்கப்புறம் முதலில் இடுப்புக்குக் கீழே குளிர்ந்திருக்கிறது, பிறகு தோள்பட்டைகள். ஒருக்களித்துப் படுத்தார். இடுப்பெலும்பும் தோளும் விறைத்தன. மறுபக்கம் திரும்பினார். அங்கேயும் அதே கதை. பேக்குக்குள் கையை விட்டுப் பார்த்தபோது நெஞ்சுப் பக்கம் கதகதப்பாக இருந்ததாம். "மேல வேர்க்குது, கீழ ஐஸ் வச்ச மாதிரி இருக்கு" என்று காலையில் சொன்னார். இந்த ஒரு வாக்கியத்திலேயே நோய் என்னவென்று தெரிந்துவிடுகிறது. ஆனால் அவர் அதிலிருந்து எடுத்த முடிவு வேறு.

மூன்று மணிக்கு எழுந்து வீட்டுத் திண்ணைக்குப் போனவர், விடியும்போது சமையலறை அடுப்போரம் உட்கார்ந்திருந்தார். மரத்தில் மாட்டியிருந்த சின்ன வெப்பமானி காட்டிய குறைந்தபட்சம் 7 டிகிரி. அந்த ஊருக்கு ஜனவரியில் இது பெரிய குளிர் இல்லை. "பேக் டூப்ளிகேட். மைனஸ் பத்து டிகிரி பேக் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், ஊருக்குப் போனதும் ஆர்டர் போடுறேன்" என்றார்.

பேக்கை மாற்றிப் பார்த்தது

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எளிய ஒரு சோதனை செய்தோம். இரண்டாம் இரவு அவருடைய 0 டிகிரி பேக்கை நான் எடுத்துக்கொண்டு டென்ட்டில் என் ஃபோம் மேட்டின் மேல் படுத்தேன். என்னுடைய கனமான பேக் அவருக்கு. ஹேமக்கை மேலே நல்ல இடத்துக்கு மாற்றலாம் என்று அவர் சொன்னதற்கு நான் சம்மதிக்கவில்லை. இடத்தையும் பேக்கையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எதனால் சரியானது என்று அப்புறம் சொல்ல முடியாது. திட்டிக்கொண்டே அதே பைன் மரங்களில் கட்டினார்.

குளிர் கிட்டத்தட்ட அதே அளவுதான். 'டூப்ளிகேட்' பேக்கில் நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். நடுவில் ஒருமுறை வேர்த்து ஜிப்பைத் திறக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டரைக்கு அவர் டென்ட்டைத் தட்டினார். கனமான பேக்கிலும் அதே முதுகு, அதே தோள். குளிரத் தொடங்கியது முந்தின இரவைவிட அரைமணி நேரம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

ஆக, பேக்கைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடலாம். அதே பேக் தரையில் வேலை செய்கிறது, அந்தரத்தில் செய்யவில்லை.

அடியில் என்ன நடக்கிறது

பஞ்சோ, இறகோ, கம்பளியோ, எதுவானாலும் நம்மைச் சூடாக வைப்பது அதற்குள் அசையாமல் சிக்கிக் கிடக்கும் காற்றுதான். இழைகளின் வேலை அந்தக் காற்றை நகரவிடாமல் பிடித்து வைப்பது. படுத்திருப்பவரின் மேல்பக்கத்தில் பேக் உப்பி நான்கு சென்டிமீட்டர் நிற்கிறது. கீழ்ப்பக்கத்திலோ எழுபது கிலோ உடம்பு அதன்மேல் கிடக்கிறது. காற்றெல்லாம் பிதுங்கி வெளியே போய், பேக்கும் தெர்மலும் ஜாக்கெட்டும் சேர்ந்தே அரை சென்டிமீட்டர் தேறினால் அதிகம். தரையிலும் இப்படித்தான் அமுங்கும். ஆனால் அங்கே கீழே அமுங்காத ஃபோம் மேட் இருக்கிறது, அதற்கும் கீழே பகல் வெயிலைக் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கும் மண் இருக்கிறது. ஹேமக்கில் அந்த அரை சென்டிமீட்டருக்கு அப்புறம் ஒரு நைலான் துணி, அதன்பிறகு நகரும் காற்று.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். துல்லியமான கணக்கு இல்லை, உத்தேசம்தான். தூங்கும்போது பெரியவர் ஒருவரின் உடம்பு உண்டாக்கும் வெப்பம் 70 முதல் 80 வாட். தோல் 33 டிகிரி, வெளியே 7 டிகிரி, வித்தியாசம் 26. ஹேமக்கை அழுத்திக்கொண்டிருக்கும் உடம்புப் பரப்பு 0.4 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அமுங்கிய அரை சென்டிமீட்டர் துணிகளின் வெப்பத்தடை, அறிவியல் அலகில், சுமார் 0.12. துணிக்கு வெளியே ஒட்டி நிற்கும் காற்றுப்படலம் லேசான காற்று அடிக்கும்போது 0.03 சேர்க்கும். மொத்தம் 0.15. இருபத்தாறை 0.4-ஆல் பெருக்கி 0.15-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 70 வாட் வருகிறது. உடம்பு உண்டாக்குவதில் ஏறக்குறைய எல்லாமே முதுகு வழியாகவே போய்விடுகிறது. மூச்சுக்கும் தலைக்கும் மேல்பக்கத்துக்கும் மிச்சம் இல்லை. காற்றே அடிக்காத இரவு என்றால் படலம் தடித்து 0.1 ஆகும், இழப்பு 50 வாட்டுக்குக் கீழே இறங்கும். தென்னந்தோப்பில் 27 டிகிரியில் வித்தியாசம் வெறும் 6. சட்டையோ பேக்கோ இல்லாமல், காற்றடிக்காத இரவின் 0.1 படலத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டாலும் இழப்பு 24 வாட்தான். நண்பர் அங்கே சுகமாகத் தூங்கியதற்கும் இங்கே விறைத்ததற்கும் ஒரே சூத்திரம்தான்.

இப்போது மைனஸ் பத்து டிகிரி பேக்கை இதில் வைத்துப் பாருங்கள். மேல்பக்கம் நான்கு சென்டிமீட்டர் எட்டாகும். கீழே அமுங்கிய தடிமன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடும். எங்கே ஓட்டையோ அங்கே பணம் போய்ச் சேரவே இல்லை.

பேக்கின் மேல் அச்சிட்டிருக்கும் டிகிரியும் இங்கே செல்லாது. முறைப்படி சோதித்த பேக்குகளுக்கு அந்த எண்ணைத் தருவது ஐஎஸ்ஓ 23537 என்ற தரநிலை. அதற்கு முன்னால் ஐரோப்பாவில் இஎன் 13537 இருந்தது. சூடாக்கிய ஒரு பொம்மை உடலுக்கு உடை மாட்டி, பேக்குக்குள் போட்டு, குளிரறையில் படுக்கவைத்து அளப்பார்கள். அந்தப் பொம்மை படுப்பது ஒரு மேட்டின் மேல். அதாவது அந்த எண் பேக்குக்கு மட்டுமான மதிப்பெண் கிடையாது, பேக்கும் மேட்டும் சேர்ந்து வாங்கியது. மேட்டை உருவிவிட்டு அந்த எண்ணை எதிர்பார்த்தால் எப்படி? இன்னொன்று, அதில் 'கம்ஃபர்ட்' (சுகமாகத் தூங்க), 'லிமிட்' (எப்படியோ சமாளிக்க), 'எக்ஸ்ட்ரீம்' (உயிர் தப்ப) என்று தனித்தனி எண்கள் உண்டு. பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது பல நேரம் முதலாவது எண்ணாக இருக்காது. வாங்கும்போது கம்ஃபர்ட் எண்ணைத் தேடிப் படிக்க வேண்டும்.

ஹேமக்கைப் பிறப்பித்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாமல் இல்லை. அமேசான் காட்டு யானோமாமி மக்கள் அடுப்பைச் சுற்றித்தான் ஹேமக் கட்டுகிறார்கள், இரவெல்லாம் நெருப்பு கனிந்துகொண்டிருக்கும். கப்பலில் ஹேமக் கட்டிய பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமிகள் வெறும் கான்வாஸில் படுக்கவில்லை, உள்ளே ஒரு மெல்லிய மெத்தை போட்டுத்தான் படுத்தார்கள். சுருட்டி எடுத்துப் போக வசதியாக இருக்கிறதென்று மெத்தையையும் நெருப்பையும் கழற்றிவிட்டு, வெறும் துணியை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம்.

யோகா மேட்டும் கிழங்குச் சாக்கும்

பன்னிரண்டரைக்கு டென்ட்டைத் தட்டியவருக்கு முதலில் யோகா மேட் கொடுத்தோம். வீட்டில் இருந்த சாதாரண ஆறு மில்லிமீட்டர் மேட். மேலே போட்ட கணக்கில் இது இன்னொரு 0.15 சேர்க்கும், இழப்பு பாதியாகிவிடும். அவரும் அப்படித்தான் சொன்னார்: முதுகு நடுவில் நன்றாக இருக்கிறது, தாங்கலாம். ஆனால் மேட்டின் அகலம் 61 சென்டிமீட்டர். தரையில் அது போதும். ஹேமக்கில் துணி இரு பக்கமும் மேலேறி வந்து தோளைச் சுற்றி இறுக்கும், அங்கேயும் பேக் அமுங்கும். தோள்கள் மேட்டுக்கு வெளியே இருந்தன. திரும்பிப் படுக்கிற ஒவ்வொரு தடவையும் மேட் நழுவி வேறெங்கோ போனது. போதாததற்கு, இரண்டு மணிக்குத் துணிக்கும் மேட்டுக்கும் நடுவில் ஈரம் கோத்திருந்தது. ஃபோமுக்குள் வேர்வை ஊடுருவாது, அதன்மேலேயே நின்றுவிடும்.

மேட்டைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு அடுக்குத் துணி உள்ள ஹேமக்கில் மேட்டை அடுக்குகளுக்கு நடுவே செருகினால் நழுவாது. தோளுக்குக் குறுக்காக இன்னொரு துண்டு வைத்தால் அகலப் பிரச்சினையும் தீரும். மலிவு, நனையாது, டென்ட்டுக்கும் ஆகும். 12, 15 டிகிரி வரை போகிற இரவுகளுக்கு நான் அதையே சொல்வேன்.

நிஜமான திருப்பம் வந்தது தோட்டத்து அக்காவிடமிருந்து. முதல் இரவு விடிந்த காலையிலேயே, அடுப்போரம் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டார்.

"என்ன தம்பி, ராத்திரி கண்ணே மூடலையா?"

"முதுகு வெறைச்சிருச்சுக்கா. இத்தனை போத்தியும் தாங்கல."

"போத்துனது எல்லாம் மேலதானே கெடக்கு. அடியில சும்மா காத்து போகுதே, எப்படித் தாங்கும்? கிழங்குச் சாக்கு கெடக்கு, வேணும்னா எடுத்துக்கங்க."

அன்று சாயங்காலமே அதைத் தயார் செய்து வைத்திருந்தோம். பழைய பருத்திப் போர்வை ஒன்றை, ஹேமக் தொங்குகிற அதே பட்டைகளில் ஹேமக்குக்கு அடியில் இரண்டாவது தூளியாகக் கட்டினோம். இரண்டு சாக்குகளில் காய்ந்த புல்லைத் தளர்வாக நிரப்பி, ஹேமக்குக்கும் போர்வைக்கும் நடுவில் தோளிலிருந்து தொடை வரை பரப்பினோம். புல்லை அடைத்துத் திணிக்கக் கூடாது, உப்பலாக இருக்க வேண்டும். போர்வைக்குக் கீழே காற்றை மறிக்க உரச்சாக்கைப் பிரித்துத் தைத்த படுதா ஒன்றைச் சுற்றினோம். படுத்திருப்பவரின் எடை ஹேமக்கின் மேல் மட்டுமே விழுகிறது. அடித்தூளியில் புல்லின் எடையைத் தவிர வேறெதுவும் இல்லை, அதனால் புல் அமுங்கவே இல்லை.

இரண்டேகாலுக்கு அதில் ஏறியவர் ஏழு மணி வரை எழவில்லை. எழுந்து அவர் சொன்ன முதல் புகார் உண்ணி. ஆடு மேய்கிற புல்லில் அது இல்லாமல் இருக்காது. முட்டிக்கு மேல் இரண்டைப் பிடுங்கினோம். புல் சாக்கை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் உப்பலான, அமுங்காத, காற்றுப் புகாத ஐந்து சென்டிமீட்டர் அடியில் இருந்தால் போதும் என்பதை விலையில்லாத புல்லே காட்டிவிட்டது.

மதுரைத் தையல்கடையில்

ஹேமக் கட்டிப் பழகியவர்கள் இதற்கென்றே ஒன்று வைத்திருக்கிறார்கள், அண்டர்குவில்ட் என்பார்கள். ஹேமக்குக்கு அடியில், அதன் வளைவை ஒட்டித் தொங்கும் அடிப்போர்வை. அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதையில் ஹேமக்கோடு மாதக்கணக்கில் நடப்பவர்களிடம் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். பெரும்பாலும் வாத்திறகு, எடை அரை கிலோ அளவில் இருக்கும். வரவழைத்தால் விலை நம் ஊருக்குக் கட்டுப்படியாகாது. நண்பர் அதைத்தான் வாங்குவதாக இருந்தார், மைனஸ் பத்து பேக்குக்கு ஒதுக்கிய பணம் கையில் இருந்தது. நான் தடுத்தேன்.

மெத்தைக் கடையில் கிடைக்கும் ஒற்றைக்கட்டில் பாலியெஸ்டர் கம்ஃபர்ட்டர் (பஞ்சு அடைத்த போர்வை) ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே. 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம், 200 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 200 கிராம், பஞ்சு. அதை நீளவாக்கில் 30 அங்குலம் மடித்தால் 60-க்கு 60 சதுரம் கிடைக்கும். மடிந்த பாதி தோளிலிருந்து இடுப்பு வரை இரட்டைத் தடிமனாக வரும், மீதிப் பாதி முழங்கால் பக்கம் வரை ஒற்றையாக. எங்கே அதிகம் வேண்டுமோ அங்கே அதிகம். மடிப்பை ஓரத்தில் மட்டும் தைக்க வேண்டும். நடுவில் குறுக்கே தையல் ஓட்டினால் தையல் போன இடமெல்லாம் அமுங்கிக் குளிர் உள்ளே வரும். உடம்பின் நீளவாக்கில் வரும் பக்கம் இரண்டிலும் பாவாடை நாடாவுக்குத் தைக்கிற மாதிரி ஒரு சுருக்குக் குழல். அதற்குள் எலாஸ்டிக் கயிறு, பைக்கில் சாமான் கட்டுவதைவிட மெல்லியது. தலைப்பக்கமும் கால்பக்கமும் ஒரு சின்னச் சுருக்கு நாடா.

தையல்காரருக்கு விஷயம் புரியவே பத்து நிமிடம் ஆனது. "இது மெத்தையா சார், போர்வையா?" என்று கேட்டார். தொங்குகிற போர்வை என்றதும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு அரை மணியில் தைத்துக் கொடுத்தார்.

இங்கே ஒரு கிளைக்கதை. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் போடிநாயக்கனூர் இருக்கிறது, இலவம்பஞ்சுக்குப் பேர் போன ஊர். இலவம்பஞ்சின் இழை உள்ளே வெற்றுக் குழாய், வெளியே மெழுகுப் பூச்சு. எடையே தெரியாது, தண்ணீரும் ஒட்டாது. செயற்கை இழை வருவதற்கு முன்னால் கப்பல் உயிர்காப்பு ஜாக்கெட்டுகளில் அதைத்தான் அடைத்தார்கள். நான்கைந்து அங்குலக் கட்டம் போட்ட உறையில் தளர்வாக நிரப்பினால் அருமையான அடிப்போர்வை ஆகும் என்று எனக்கு ஆசை. ஒரே தொல்லை, அது கட்டி தட்டும். நசுங்கினால் பழைய உப்பலுக்குத் திரும்பாது, பையில் அமுக்கி எடுத்துப் போக முடியாது. வீட்டுக் கொல்லையில் தொங்கவிடுகிறவர்கள் செய்து பார்க்கலாம்.

கம்பளியை ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம், அதுவும் கம்பளி ஆராய்ச்சி மையம் இருக்கிற ஊரைப் பற்றி எழுதிக்கொண்டு. கம்பளி ஈரத்திலும் சூடு தரும், நல்ல பொருள். ஆனால் நெய்த கம்பளி ஐந்து சென்டிமீட்டர் வர எத்தனை போர்வை அடுக்க வேண்டும்? அந்த எடையைத் தூக்க முடியாது.

தொங்கவிடுவதில்தான் வித்தை

பிப்ரவரியில் அதே தோட்டம். இந்தமுறை கட்டியது மேல்படியில், வீட்டுக்குப் பின்னால், காற்று மறைவில். புது அடிப்போர்வை தொங்கியது, எல்லாம் சரியாக இருந்தது. பதினொன்றரைக்கு மறுபடியும் முதுகு குளிர்ந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தால் காரணம் உடனே தெரிந்தது. ஆளில்லாத ஹேமக்கில் போர்வையை அளவாகக் கட்டியிருந்தார். படுத்ததும் ஹேமக்கின் உருவமே மாறிவிட்டது. பின்பக்கம் தாழ்ந்தது, இடுப்பின் வளைவிலும் தோளுக்கு மேலும் ஹேமக்குக்கும் போர்வைக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி விழுந்தது. தலைப்பக்கத் திறப்பு வழியாகக் குளிர்ந்த காற்று புகுந்து, அந்த இடைவெளியில் ஓடி, கால்பக்கம் வெளியேறிக்கொண்டிருந்தது. எவ்வளவு தடிமனான போர்வையானாலும் உடம்புக்கும் அதற்கும் நடுவில் காற்று ஓடினால் அது இருந்தும் இல்லாததுதான். சரியென்று கயிற்றை இழுத்து இறுக்கினார். இப்போது போர்வை முதுகோடு அமுங்கிப் பாதித் தடிமனானது. புல் சாக்கு சொல்லித் தந்த பாடம் அரை நிமிடத்தில் காற்றில் போயிற்று.

வழி இதுதான். படுக்கிறவர் படுத்திருக்கும்போதே இன்னொருவர் கயிற்றைச் சரிசெய்ய வேண்டும். போர்வை ஹேமக்கைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், தாங்கக் கூடாது. பக்கவாட்டிலிருந்து உள்ளங்கையை நுழைத்தால் கை தடையில்லாமல் போக வேண்டும், ஆனால் இரண்டு துணியும் கையின் இரு பக்கமும் படவேண்டும். தனியாக இருப்பவர் படுத்தபடி கையைக் கீழே விட்டுப் போர்வையை அரை அங்குலம் கீழே தள்ளிப் பார்க்கலாம். அந்தரத்தில் தொங்கினால் இடைவெளி அதிகம், தள்ளவே முடியாவிட்டால் இறுக்கம் அதிகம். இரு முனைச் சுருக்கையும் இழுத்து, ஹேமக்கைச் சுற்றி வாயை மூட வேண்டும். தலைப்பக்கத்தில்தான் காற்று அதிகம் நுழையும், அதை முதலில் மூடுங்கள்.

ஹேமக் எப்படித் தொங்குகிறது என்பதும் இதில் கலந்திருக்கிறது. பட்டைகள் கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருக்க வேண்டும் என்பது பொதுவான பழக்கம். இரு முனைகளுக்கும் இடையே மேலே ஒரு கயிறு கட்டி, அதன் நீளத்தை ஹேமக் நீளத்தில் 83 சதவீதமாக வைத்துவிட்டால் எந்த மரத்தில் கட்டினாலும் தொய்வு மாறாது. தொய்வு மாறாவிட்டால் ஒருமுறை சரிசெய்த அடிப்போர்வையை மறுபடி மறுபடி நோண்ட வேண்டியதில்லை. நண்பர் இறுக்கமாகக் கட்டி நேராகப் படுக்கிற ரகம். தொய்வாகக் கட்டிக் குறுக்காகச் சாய்ந்து படுத்தால் முதுகு கிட்டத்தட்ட சமமாகும், தோளை அழுத்தும் சுவர்கள் விலகும், தோளுக்குக் கீழே பேக் அமுங்குவதும் குறையும். அதைக் கற்றுக்கொள்ள அவருக்குப் போர்வை தைத்ததைவிட அதிக நேரம் பிடித்தது.

எல்லாம் சரிசெய்து பன்னிரண்டு மணிக்குப் படுத்தார். அன்று குறைந்தபட்சம் 5 டிகிரி. ஜனவரியில் தோற்றுப்போன அதே 0 டிகிரி பேக். காலை ஆறரைக்கு முதுகைப் பற்றி எந்தப் புகாரும் இல்லை. கணக்குப்படி பார்த்தால் முதுகு வழி இழப்பு பத்து வாட்டுக்குப் பக்கத்தில் வரவேண்டும். ஓரத்தில் கசிவதையும் சேர்த்து இருபது என்றே வைத்துக்கொண்டாலும் தூங்கலாம்.

மிச்சமிருப்பவை

கால். போர்வை முழங்காலோடு நிற்கிறது, பாதம் விறைத்தது. யோகா மேட்டை ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்டிப் பேக்குக்குள் காலடியில் போட்டதோடு அது தீர்ந்தது. வெந்நீர் பாட்டிலைப் பலரும் காலுக்குக் கீழே வைப்பார்கள். தொடைகளுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள், பெரிய ரத்தக்குழாய் ஓடுகிற இடம், சூடு கால் வரைக்கும் போகும். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.

பனிமூட்டம் இன்னொரு தொல்லை. விடியற்காலையில் மேகம் தரையில் இறங்கும்போது கம்ஃபர்ட்டரின் வெளித்துணி நனைந்தது. மேல் தார்ப்பாயை விளிம்பு ஹேமக்குக்குக் கீழே வருமளவு தாழ்த்திக் கட்டினால் பாதி குறையும். அடியிலேயே ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றிவிடலாம் என்று தோன்றும். காற்றை நன்றாக மறிக்கும், ஆனால் உடம்பிலிருந்து போகும் ஆவி அதில் பட்டு நீராகி, போர்வைக்கே திரும்பிச் சொட்டும். வெள்ளிநிற எமர்ஜென்சி ஷீட்டிலும் இதே கதைதான், சரசரவென்ற சத்தம் வேறு. காற்றுப் போகிற மெல்லிய நைலான் துணி என்றால் பரவாயில்லை.

கரி அடுப்பு. ஹேமக்குக்கு அடியில் தணல் சட்டி வைத்தால் என்ன என்று நண்பர் கேட்டார். யானோமாமி மக்களைப் பற்றி நான்தான் சொல்லியிருந்தேன். அவர்களுடைய கூரை உயரமானது, புகை வெளியேற வழி உள்ளது. தாழ்த்திக் கட்டிய தார்ப்பாய்க்குள் நைலான் துணிக்குக் கீழே தணல் வைப்பது தீ விபத்துக்கு அழைப்பு. தீப் பிடிக்காவிட்டாலும் மணமே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. கொடைக்கானலில் மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் எழாமலே போயிருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம்.

எடைதான் கடைசி. மடித்த கம்ஃபர்ட்டர் ஒன்றரை கிலோ, சுருட்டினால் தலையணை அளவு. பஸ்ஸிலோ காரிலோ வந்து தோட்டத்தில் தங்குகிறவருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. முதுகில் சுமந்து ஏறுவதென்றால் இது ஆகாது, இறகு அடிப்போர்வைக்குத்தான் போக வேண்டும். நண்பர் இப்போது அதற்குக் காசு சேர்க்கிறார். 0 டிகிரி பேக் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.